மலையேறாத பட்ஜெட்

சட்டசபையில் பட்ஜெட் சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், சமூக நலத்துக்கு எத்தனை கோடி என்ற விவாதம் எழுகிறது. எதிர்க்கட்சியார் போதாது என்பார்கள். ஆளுங்கட்சியார் சென்ற ஆண்டைவிட அதிகம் என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால், அந்தப் பணத்தில் எவ்வளவு ஜவ்வாது மலையின் கடைசிக் குடிசை வரையில் போய்ச் சேருகிறது? அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஜவ்வாது மலை கண்காணாத தேசத்தில் இல்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் அது பரவிக் கிடக்கிறது. சாமையும் புளியும் தேனும் அதன் செல்வம். மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைவாசிகள். அந்த மலையிலுள்ள காவலூரில் நட்சத்திரங்களை ஆராய 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. விண்மீனின் தூரத்தைக் கணக்கிட அங்கே வசதி உண்டு. கர்ப்பிணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரத்தைத்தான் பட்ஜெட் கணக்கில் காணோம்.

அல்லேரியில் நடந்தது

2023 மே மாதம் வேலூர் ஜில்லா அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லை என்ற சிற்றூரில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. குழந்தை பிழைக்கவில்லை. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் பாதையில்லாத இடத்தில் நின்றுவிட, பெற்ற தாய் அதைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் மலையேறி நடந்தாள். செய்தி நாடெங்கும் பரவியது. அதிகாரிகள் மலைக்கு விரைந்தார்கள். ஒரு குழந்தை இறந்த பிறகுதானா பாதையைப் பற்றிப் பேச வேண்டும்?

தலைக் கணக்கும் தூரக் கணக்கும்

சட்டசபை சும்மா இருந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் முன்னேற்றத்துக்கு அவர்களுடைய மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்று 2024-ல் அது சட்டமே நிறைவேற்றியது. வரவேற்கத்தக்க காரியந்தான். ஆனால் 2011 ஜனக்கணக்கின்படி இந்த மாநிலத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர். நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைச் சற்றே தாண்டுகிறார்கள். தலையை எண்ணிப் பங்கு வைத்தால் அவர்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். சமவெளியில் ஒரு சாலை போட்டால் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயன்படும். மலையில் அதே நீளத்துச் சாலையால் பயன் பெறுவோர் சில நூறு பேர்தான். செலவோ சமவெளியைவிட அதிகம். ஆகவே தலைக் கணக்கோடு தூரக் கணக்கும் சேர வேண்டும்.

இது புதுமையான யோசனையல்ல. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப் பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியபோது சமவெளியில் 500 பேர் வாழும் ஊருக்கும், மலையில் 250 பேர் வாழும் ஊருக்கும் சாலை என்று வகுத்தார்கள். தத்துவம் சரிதான், அளவுதான் போதாது. நூறு பேர் வாழும் குக்கிராமத்துக்கு என்ன வழி? அந்த இடைவெளியை மாநில பட்ஜெட்தான் நிரப்ப வேண்டும்.

கட்டடம் மட்டும் கட்டினால் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு; கல்வெட்டு உண்டு. நர்ஸின் சம்பளத்துக்கும், ஜீப்பின் பெட்ரோலுக்கும், மலையிலேயே தங்கும் உபாத்தியாயரின் வீட்டுக்கும் விழா எடுப்பாரில்லை. ஆனால் உயிர் காப்பது அவைதான்.

காடு குறுக்கே நிற்கிறதா?

சாலை கேட்டால், காட்டு நிலம் என்று பதில் வருவது வழக்கம். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி போன்ற வசதிகளுக்கு, கிராம சபையின் சிபாரிசின் பேரில், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை அளிக்க வழி செய்திருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது என்பது நிபந்தனை. வழி இருக்கிறது, வழி நடத்துவார்தான் வேண்டும்.

செலவு செய்யாமலிருப்பதற்கும் விலை உண்டு. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளரில் ஜவ்வாது மலைப் பகுதியினர் பலர். மலையில் பிழைப்பு இருந்தால் கூலிக்காக அவ்வளவு தூரம் போவானேன்? மாறாக, மலையில் பிறந்த பெண்ணுக்குப் படிப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2024-ல் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த 23 வயதுப் பழங்குடிப் பெண் சிவில் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார்.

யார் கேட்பது?

தமிழ்நாட்டுச் சட்டசபையில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே. ஜவ்வாது மலை மக்களின் வாக்குகளோ பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. எங்கும் சமவெளி வாக்குகளே அதிகம். ஒருவரும் தோற்க அஞ்ச வேண்டியதில்லை. அதனால் ஒருவரும் கேட்க வேண்டிய கட்டாயமுமில்லை.

இந்நிலையில் மூன்று ஜில்லா அங்கத்தினர்களும் கட்சியை மறந்து ஒன்றுகூட வேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். மலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஆண்டு முடிவில் செலவானது எவ்வளவு? எத்தனை குக்கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் போக முடியும்? இவற்றுக்கு விடை வராமல் நிதிக்குச் சம்மதம் அளிப்பதில்லை என்று அவர்கள் உறுதி கொள்ளட்டும்.

1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது கஜானா நிரம்பி வழியவில்லை. பசித்த பிள்ளை முதலில், மற்றக் கணக்கெல்லாம் பிறகு என்று தீர்மானித்தார்கள். பணம் பின்னால் வந்தது. ஜவ்வாது மலைக்கும் அத்தகைய தீர்மானமே தேவை.