எழுதியவரே காட்டவேண்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாசனங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குடவோலைத் தேர்தலோடு நின்றுவிடுகிறார்கள். கணக்கெழுதுவோருக்கு அவ்வூர்ச் சபை விதித்த நியமமும் அதே அளவு சிந்தனைக்குரியது என்பது என் அபிப்பிராயம். தன் கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டி, குற்றமற்றது என்று அவர்கள் ஒப்பிய பின்னரன்றி ஒருவர் மீண்டும் அப்பணியில் அமரலாகாது. எழுதியவரே அதைக் காட்டவேண்டும், முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கர் புகலாகாது. நிலமும் வேதப் பயிற்சியும் உடையோருக்கே இடமளித்த சபைதான் அது; ஆயினும், 919-இல் தான் வகுத்த தேர்தல் விதியையே இரண்டே ஆண்டுகளில் மறுபரிசீலனை செய்து, முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பை முப்பத்தைந்து முதல் எழுபது என மாற்றியமைத்த அதன் சிரத்தையை மறுப்பதற்கில்லை.

எழுதியதைப் பிறர் பார்வைக்கு வைக்கும் அந்நியமம் இன்று கணினி நிரல் எழுதுவோரிடமும் உண்டு. உத்திரமேரூர்ச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பொறியியல் கற்று, பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் ஸ்தாபனங்களில் சேரும் இளைஞர்களுக்குக் ‘கோட் ரிவ்யூ’ என்பது நித்திய கர்மம். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்து ஒப்பிய பிறகே அது பொது நிரலோடு சேர்க்கப்படும். ஆனால் பரீட்சைத் தாளின் சிவப்பு மையையே கண்டு வளர்ந்த பிள்ளை, அங்கு வரும் ஒவ்வொரு குறிப்பையும் தன் யோக்கியதைக்கு நேர்ந்த பங்கமாகவே கொள்கிறான். மூத்தவரின் நிரலையோ, ‘சார்’ எழுதியது என்ற மரியாதையால் வாசியாமலே ஒப்பிவிடுகிறான். இவ்விரண்டும் குழுவைப் பலவீனப்படுத்துவன. ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் நிரல் பரிசோதனை முறையை விவரித்து எழுதியபோதே, பரிசோதனையில் கண்ட பிழைகளை ஊழியரின் தகுதியை அளக்க மேலதிகாரிகள் பயன்படுத்தலாகாது என்று எச்சரித்தார். அச்சமுள்ள இடத்தில் எவரும் தம் சந்தேகத்தை வெளியிடமாட்டார்.

வாசிப்பு வெறும் சடங்காகிவிடக்கூடாது என்பதற்கு ‘ஹார்ட்பிளீட்’ பிரத்தியட்ச உதாரணம். இணையத்தில் ரகசியத் தொடர்புக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், அனுப்புகிறவர் சொன்ன நீளத்தை உண்மை நீளத்தோடு ஒப்பிட்டுப் பாராத அப்பிழை, ஒருவர் எழுதி இன்னொருவர் வாசித்து ஒப்பிய பின்னரும் தப்பி, 2012 மார்ச் முதல் 2014 ஏப்ரலில் வெளிப்படும்வரை உலகெங்குமுள்ள சர்வர்களில் கிடந்தது. ஒரே ஜோடிக் கண்களை நம்புவதும், பெரிய மாற்றத்தை அவசரமாய்ப் புரட்டுவதும் அபாயம். சிறுசிறு பகுதிகளாய் எழுதுவதும், வாசிப்பதற்கென வேலை நேரத்திலேயே அவகாசம் ஒதுக்குவதும், இளையவர் கேட்ட கேள்விக்கு மூத்தவர் எழுத்திலேயே பதிலளிப்பதும் அவசியம்.

இப்பழக்கம் கல்லூரியிலேயே தொடங்கட்டும். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பொறியியற் கல்லூரிகள், இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒவ்வொரு மாணவரும் சக மாணவர் ஒருவரின் நிரலை வாசித்துக் குறிப்பெழுதச் செய்து, எழுதியதற்கு மட்டுமன்றி அந்த வாசிப்புக்கும் மதிப்பெண் அளிக்கவேண்டும்.