ஏரி மூழ்கியது, படம் மூழ்கவில்லை



உங்கள் வீட்டு அலமாரியில் பழைய புகைப்பட ஆல்பம் ஒன்று இருக்கும். இடிக்கப்பட்டுவிட்ட பூர்வீக வீட்டின் திண்ணையும், வெட்டப்பட்டுவிட்ட முற்றத்து மாதுளையும், மறைந்துவிட்ட வாப்பாவின் புன்சிரிப்பும் இன்று அந்தத் தாள்களில்தானே வாழ்கின்றன! ஒன்று நம்மை விட்டுப் போன பிறகு அதன் படம் நினைவுச் சின்னமாகி விடுகிறது. ஆனால், அது போவதற்கு முன்பே அந்தப் படத்தை ஊரார் முன்னிலையில் வைத்தால் அதைக் காக்கும் கேடயமாக அது ஆகுமா? இந்த வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த இரு புகைப்படக் கலைஞர்களைப் பற்றி இம்மாதம் உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தெற்கே டாஸ்மேனியா என்றொரு தீவு உள்ளது. அதன் தென்மேற்குப் பகுதி மலையும் காடும் ஆறுமாகக் கிடக்கும் பெருவெளி. அங்கே, மலைகளின் மடியில் பெடர் என்ற ஏரி இருந்தது. இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட படிக மணல் அதன் கரையில் அகன்று பரந்து கிடக்கும். கோடைக் காலத்தில் சிறு விமானங்கள் அம்மணற்பரப்பிலேயே இறங்கி ஏறும். 1955-ஆம் ஆண்டில் அந்த ஏரியும் சுற்றுப்புறமும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பூங்கா என்று பெயர் சூட்டிவிட்டால் பாதுகாப்புக் கிடைத்துவிடும் என்றே பலரும் நம்பினர். ஆனால் 1967-இல், நீர்மின் திட்டம் ஒன்றுக்காக அந்த ஏரியை மூழ்கடிக்க டாஸ்மேனிய அரசு சட்டத்தின் வழியே அனுமதி தந்தது.

இந்த இடத்தில்தான் ஒலேகஸ் ட்ருக்கானாஸ் வருகிறார். லிதுவேனியா நாட்டில் 1923-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரால் தாய்நாட்டை இழந்து, 1948-இல் டாஸ்மேனியாவில் அகதியாகக் கரையேறியவர். துத்தநாக ஆலையில் உடலுழைப்பில் தொடங்கி, பின்னர் நீர்மின் ஆணையத்தில் ஊழியரானார். ஆம், ஏரியை மூழ்கடிக்க இருந்த அதே ஆணையந்தான்! விடுமுறை கிடைத்த போதெல்லாம் சிறு படகிலும் கால்நடையாகவும் அந்த வனாந்தரத்தில் அலைந்து, ஆயிரக்கணக்கான வண்ண ஸ்லைடுகளைச் சேர்த்து வைத்தார்.

1967 பிப்ரவரியில் தலைநகர் ஹோபர்ட்டைச் சூழ்ந்த காட்டுத் தீ அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ட்ருக்கானாஸின் வீடும் எரிந்தது. பல்லாண்டு உழைப்பில் விளைந்த ஸ்லைடுகளும் சாம்பலாயின. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? தலைவிதி என்று ஓய்ந்திருப்போம். அவரோ மீண்டும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே மலைகளை நோக்கி நடந்தார்.

ஆணையத்தின் ஊழியர் என்பதால் அவரால் மேடையேறி முழங்க இயலாது. ஆகவே படங்களைப் பேச விட்டார். 1971-இல் ஹோபர்ட் நகர மண்டபத்தில் விளக்குகளை அணைத்து, இசையின் பின்னணியில் பெடர் ஏரியின் காட்சிகளைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டார். மண்டபம் நிரம்பி வழிந்தது. அவருடைய நண்பர் மேக்ஸ் ஆங்கஸ் உள்ளிட்ட ஓவியர்களும் ஏரிக்கரைக்குச் சென்று தூரிகையால் அதன் எழிலைப் பதிவு செய்தனர். அந்த ஏரி தம் தீவில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர்.

“மின்சாரம் வேண்டாமா? வேலைவாய்ப்பு வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றைய டாஸ்மேனியாவிலும் அக்கேள்வியே ஓங்கி ஒலித்தது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: மின்சாரத்தின் அளவை எண்ணால் எழுதிக் காட்ட முடிந்தது. ஏரியின் மதிப்பை எழுதுவதற்குக் கணக்கேட்டில் பத்தியே இல்லை. விடுபட்டுப் போன அந்தப் பத்தியைத்தான் ட்ருக்கானாஸ் திரையில் காட்டினார்.

எனினும் ஏரி தப்பவில்லை. 1972-இல் நீர்த்தேக்கத்தின் அடியில் அது மறைந்தது. அதைக் காண அவரும் உயிரோடில்லை. தீயில் இழந்த கோர்டன் ஆற்றின் படங்களை மறுபடியும் எடுக்கச் சென்றவர், அவ்வாண்டு ஜனவரியில் அந்த ஆற்றின் வேகத்தில் சிக்கி, 48 வயதில் உயிர் துறந்தார். தேடிச் சென்றவர்களுள் ஒருவரான இளைஞர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் அவர் உடலைக் கண்டெடுத்தார்.

ஜெர்மனியில் லாட்வியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அந்த இளைஞர். தந்தையைப் போரில் பறிகொடுத்து, சிறுவனாகத் தாயுடன் இத்தீவுக்கு வந்தவர். அவருக்கு ட்ருக்கானாஸ் ஆசானாகவும் தந்தையின் இடத்திலும் விளங்கியவர். ஆசான் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடர்ந்தார். கனத்த கேமராவைச் சுமந்துகொண்டு, அடுத்த அணைத் திட்டத்தின் இலக்காக இருந்த ஃபிராங்ளின் ஆற்றில் ரப்பர்ப் படகில் இறங்கினார். மூடுபனி தவழும் ஆற்று வளைவு ஒன்றை அவர் எடுத்த படம் 1983 மார்ச் 5 பொதுத்தேர்தலுக்கு முன்னர் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வெளிவந்தது. இதை அழிக்கும் கட்சிக்கா உங்கள் வாக்கு என்பதே அதன் கேள்வி. அதற்கு முன்பே, அணைப் பணியை மறித்ததற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகியிருந்தனர். அணையைத் தடுப்பதாக வாக்களித்த கட்சி தேர்தலில் வென்றது. 1983 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, மத்திய அரசின் தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஃபிராங்ளின் இன்றும் தடையின்றி ஓடுகிறது. அந்தத் தேசியப் பூங்காவும் நிலைத்து நிற்கிறது.

ஒரு படம் மட்டுமே ஆற்றைக் காத்தது என்று சொல்ல மாட்டேன். சிறை சென்றவர்களும், வாக்களித்தவர்களும், வழக்காடியவர்களும் சேர்ந்தே காத்தனர். ஆனால் கண்ணால் காணாத ஓர் ஆற்றுக்காக அவர்களுள் பலரை எழுந்து நிற்க வைத்தது படம். அப்படிப் பார்த்தால் 1971-இல் அந்த மண்டபத்தில் நடந்தது தோல்வியா? ஏரியைப் பொறுத்தவரை தோல்விதான். ஆற்றைப் பொறுத்தவரை அது விதைப்பு. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை, அவ்வளவே.

வாசகப் பெருமக்களே! உங்கள் இல்லத்துப் பிள்ளைகளின் கையில் இன்று கேமரா கொண்ட கைப்பேசி இருக்கிறது. திருமணத்தையும் விருந்தையும் படமெடுக்கும் அந்தக் கைகள், ஊர்க் குளத்தையும் அதன் கரையில் நிற்கும் மரத்தையும் ஒரு முறை எடுக்கட்டும். எடுத்ததைக் கைப்பேசிக்குள் பூட்டி வைக்காமல், பள்ளிக்கூடச் சுவரிலோ திருமண மண்டபத்திலோ ஊரார் காண வைக்கட்டும். அந்தக் குளம் ஆல்பத்தில் மட்டும் வாழும் நாள் வருமுன்பே இதைச் செய்வது நல்லதல்லவா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.