ரத்தம் எடுப்பவருக்குக் காப்பு, காயம் எழுதுபவருக்கு?

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ந் தேதி, போலீசுக்குக் கைரேகை கொடுக்கமாட்டோம் என்று நின்ற கள்ளர் சமூகத்து ஜனங்கள் மீது துப்பாக்கி சுடப்பட்டது. அதே வருஷத்தில்தான் வெள்ளைக்கார சர்க்கார், கைதிகளின் கைரேகை, காலடி முதலியவைகளை எடுக்க ஒரு சட்டம் செய்து, நல்லெண்ணத்தோடு அதைச் செய்தவர் எவர் மீதும் வழக்குக் கிடையாது என்றும் எழுதிக் கொண்டது.

வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்த வரி போகவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2022இல் வந்த சட்டம், கண்மணிப் படம், ரத்தம் போன்ற உடல் மாதிரிகள் வரையில் கை நீட்டி, அந்தப் பதிவுகளை 75 வருஷம் வைத்திருக்கச் சொல்லி, அதே காப்பை 7வது பிரிவில் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோ (வாயில் நுழையாத பெயர்தான், என்ன செய்வது!) 51வது பிரிவில், போலீசார் கேட்டால் டாக்டர் கைதியைப் பரிசோதிக்கலாம், அவசியமான அளவு பலத்தையும் உபயோகிக்கலாம் என்கிறது.

இந்தக் காப்பே கூடாதென்பது நமது அபிப்பிராயமல்ல. ஒரு பெண்ணைக் கெடுத்தவனை ரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுக்கிறது. நிரபராதியை விடுவிக்கவும் செய்கிறது. சட்டப்படி ஊசி குத்திய நர்சைக் கோர்ட்டுக்கு இழுப்பது யோக்கியமாகாது.

ஆனால் அதே சட்டத்தின் 53வது பிரிவு டாக்டருக்கு மற்றொரு வேலையும் கொடுத்திருக்கிறது. கைதியின் உடம்பிலுள்ள காயங்களையும், அவை சுமார் எப்போது ஏற்பட்டன என்பதையும் எழுதி, கைதிக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். அந்த நகலைக் கண்ணால் கண்டவர் நமது வாசகர்களில் எத்தனை பேர்?

2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தகப்பனும் மகனும் ஸ்டேஷனில் இரவெல்லாம் அடிபட்டு, மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஜெயிலுக்குத் தகுதியுண்டு என்று சான்று பெற்றுப் போனார்கள்; மூன்று நாளுக்குள் இருவரும் பிணமானார்கள். மதுரை ஹைகோர்ட் கிளை தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீசார் கையில் மாண்ட பிறகு, மதுரை ஆஸ்பத்திரியில் பிணப் பரிசோதனை செய்த டாக்டர்கள் நாற்பதுக்கு மேற்பட்ட காயங்களை எண்ணி எழுதினார்கள். அதாவது, பிணத்தின் காயத்தை எழுதத் தைரியமிருக்கிறது. உயிருள்ளவன் காயத்தை எழுதத்தான், பக்கத்திலேயே போலீஸ்காரர் நிற்பதால், பேனா நகர மறுக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. பரிசோதனை அறைக்குள் போலீஸ்காரர் நிற்கக்கூடாது. உள்ளதை எழுதிய டாக்டரையும் நர்சையும் ஊர் மாற்றவோ மிரட்டவோ கூடாதென்று சட்டத்தில் ஒரு வரி சேர வேண்டும். கண்ட காயத்தை மறைத்தவருக்கு “நல்லெண்ணம்” என்ற வார்த்தை உதவக்கூடாது.