ஊர் சுத்துற வேலை

போன வாரம் அக்கா போன் பண்ணுச்சு. "டேய், ஒம் மருமகன் மெடிக்கல் ரெப்பு வேலைக்குப் போறேங்குறான். நீ சொன்னாத்தான் கேப்பான். வேணாம்னு சொல்லுடா."

வேணாம்னு சொல்ல என்னை விட்டா வேற ஆள் கிடையாது. திண்டுக்கல்லை ஹெட்குவார்ட்டர்ஸா வச்சு பதினோரு வருஷம் பையைத் தூக்கிட்டு அலைஞ்சவன். ஆனா நான் அப்படிச் சொல்லலை. ஏன்னு அக்காவுக்குப் போன்ல விளக்க முடியலை, அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

பையன்கிட்ட கேட்டா, "ஒரே எடத்துல உக்கார முடியாது மாமா, நாலு ஊர் பாக்கலாம்ல"ங்கிறான். நாலு ஊர்தான், பொய்யில்லை. ஒரு நாள் ஒட்டன்சத்திரம், பழனி. ஒரு நாள் நத்தம். ஒரு நாள் வத்தலக்குண்டு. மாசத்துக்கு ரெண்டு தடவை கொடைக்கானல். ஆனா பாக்குறது ஊரை இல்லை மாப்ள, கிளினிக் வாசல் பெஞ்சை. மாசாமாசம் பழனி போன நான் மலையேறி முருகனைப் பாத்தது மொத்தமே மூணு தடவை. தைப்பூச சமயத்துல பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டோரமா நடந்துக்கிட்டே இருக்கும். அவங்க அவ்வளவு ஆசையா நடக்குற ரோட்டுல, டாக்டர் கிளம்பிடுவாரேன்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே போயிருக்கேன்.

அப்புறம் காசு. எல்லாரும் சம்பளத்தைத்தான் கேக்குறாங்க. இந்த வேலையில படிதான் முக்கியம். உள்ளூருக்கு ஒரு படி, போயிட்டு அன்னிக்கே திரும்பினா (எக்ஸ் ஸ்டேஷன்) ஒரு படி, ராத்தங்கினா (அவுட்ஸ்டேஷன்) அதைவிடக் கூட. தங்கினதா எழுதிட்டு கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்து படுத்து அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறது பழைய வித்தை. நானும் செஞ்சிருக்கேன். செய்யாத ரெப் யாராச்சும் இருந்தா கை தூக்கலாம்.

சட்டம்னு ஒண்ணு இருந்ததே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 1976-ல விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்குன்னு தனிச்சட்டம் வந்தது, மொதல்ல மருந்துத் துறைக்குத்தான். வேலை உத்தரவை எழுத்துல குடுக்கணும். 11 நாள் வேலை பாத்தா 1 நாள்ங்கிற கணக்குல சம்பளத்தோட விடுப்பு. உடம்புக்கு முடியலைன்னா அரைச் சம்பளத்துல தனி விடுப்பு. இப்ப அதை 2020-ல நிறைவேத்தின தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. மாப்ள கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதைப் படிக்கணும். நான் படிக்கலை.

படிச்சிருந்தா அன்னிக்கு மட்டும் வேற மாதிரி நடந்திருக்குமான்னு தெரியலை.

அப்பா நாகல் நகர்ல மாங்காய்ப் பூட்டு செஞ்சவர். பட்டறை மூடினப்புறமும் வீட்டுத் திண்ணையில உக்காந்து பழைய பூட்டுக்கு அரம் போட்டுக்கிட்டு இருப்பார். ஒரு ஐப்பசி மாசம், காலையில "வலது கை மரத்த மாதிரி இருக்குடா"ன்னார். அன்னிக்குக் கொடைக்கானல் போற நாள். மேனேஜருக்குப் போன் பண்ணி நாளைக்குப் போறேனேன்னேன். டூர் ப்ரோக்ராம் அப்ரூவ் ஆயிடுச்சேன்னார். நானும் அடிச்சுப் பேசலை. மாசக் கடைசி, டார்கெட் பாக்கி.

ராத்திரி எட்டரைக்கு அம்மா கூப்பிட்டுச்சு, அப்பா விழுந்துட்டார்னு. மலையில அடைமழை, மரம் சாஞ்சு ரோடு மறிச்சுக் கிடக்கு. நான் வீடு வந்து சேர்ந்தது மறுநாள் காலை ஒம்பது மணிக்கு. அதுவரைக்கும் அம்மா அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலை. "நீ வந்துரட்டும்னு இருந்தேன்"னுச்சு. பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும்னு ஊர் ஊரா டாக்டர்களோட பேசித் திரிஞ்சவன் நான். எங்க வீட்ல அதைச் சொல்லி வச்சதில்லை. அப்பா அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். அரம் பிடிக்கிற கைதான் வேலை செய்யலை.

இவ்வளவும் சொல்லிட்டு ஏன் வேணாம்னு சொல்லலைன்னு கேப்பீங்க. அதே அப்பாவாலதான். வாழ்நாள் முழுக்க ஒரே எடத்துல உக்காந்து வேலை பாத்த மனுஷன். அலிகார்ல இருந்து மெஷின் பூட்டு விலை கம்மியா வந்து இறங்குச்சு, வேலை அவரை விட்டுப் போச்சு. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல. பட்டறையில உக்கார ஆள் எங்க இருக்கு? ஒரே ஊர்ல இருந்தா பத்திரம்னு அக்கா நினைக்குது. பத்திரமா இருந்ததா என்ன?

எனக்கு அலைச்சல் மேல கோவம் இல்லை. ஒட்டன்சத்திரத்துல காய்கறி ஏத்திக்கிட்டு ராவோட ராவா கேரளா போயிட்டு வர்ற லாரிக்காரங்களை எனக்குத் தெரியும், என்னைவிட அதிக தூரம் ஓடுறவங்க. என் பிரச்சனை தூரமில்லை. எப்ப வீட்டுக்குத் திரும்பணும்ங்கிறதை நான் முடிவு பண்ணலை, பண்ணலாம்னும் எனக்குத் தோணலை. ஒரு நாள் படியை விட்டுட்டுத் திரும்பி வர்ற அளவுக்குக் கையில காசும், "இன்னிக்குப் போக மாட்டேன்"னு மேனேஜர்கிட்ட சொல்ற வாயும் இருந்தா இந்த வேலையைப் பாக்கலாம். முதல் மூணு வருஷத்துல கடன் வாங்கி பைக்கு, வீடுன்னு இழுத்துப் போட்டுக்கிட்டா அந்த வாய் அடைச்சுப் போகும். எனக்கு அப்படித்தான் போச்சு.

பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அக்கா தனியா ஒரு பாட்டு பாடுது. அதுக்கு நான் பதிலே சொல்லலை :-)

நாளைக்கு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறேன். பழைய எக்ஸ்பென்ஸ் ஸ்டேட்மென்ட் ஒண்ணு பரண்ல கிடைச்சது, மாப்ளகிட்ட காட்ட எடுத்து வச்சிருக்கேன். கூடவே அந்த வீட்டுச் செவத்துல ஒட்டுறதுக்கு ஒரு அட்டையில நாலு போன் நம்பரைப் பெருசா எழுதியிருக்கேன். மொத நம்பர் தெருமுக்கு ஆட்டோக்காரரோடது. மாப்ள நம்பர் கடைசி.