கழுகு போனது, நாய் வந்தது!

கழுகு செத்தால் நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. பிணந்தின்னிப் பறவைக்குப் பரிந்து பேசவா இந்த ஏடு, கூலி உயர்வு பற்றி எழுதக்கூடாதா என்று தோழர்களில் சிலரே கேட்கக்கூடும். கேட்கட்டும். நாய்க்கடி பட்டு, ஊசி போட வழியின்றிச் செத்தானே ஏழை, அவன் குடிசையிலிருந்து தொடங்குகிறது நமது பதில்.

1990-களின் தொடக்கம் வரை இந்நாட்டு வானில் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் வட்டமிட்டன. ஊருக்கு வெளியே செத்த மாடு கிடக்கும். தோலுரிப்போர் தோலை எடுத்துச் சென்றதும் கழுகுகள் கூட்டமாக இறங்கும். ஒரு மணி நேரத்திற்குள் எலும்புதான் மிஞ்சும். அந்த எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்களும் உண்டு. கூலி கேட்காத துப்புரவுப் படை அது! அந்தப் படையில் வெண்முதுகுக் கழுகு, 1992-க்கும் 2007-க்கும் இடையில், ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிற்று.

கொன்றவன் வேடனல்ல. டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து. காப்புரிமை தீர்ந்து விலை மலிந்ததும், மனிதனின் மூட்டுவலிக்குத் தந்ததை மாட்டுக்கும் ஊசியாகப் போடலாயினர். ஊசி போட்ட மாடு செத்தால் மருந்து இறைச்சியில் தங்குகிறது. தின்ற கழுகின் சிறுநீரகம் கெடுகிறது. சில நாளில் சாவு. பாகிஸ்தானில் செய்த ஆராய்ச்சி 2004-இல் இதை நிறுவிற்று. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இனம் இந்த வேகத்தில் அழியும் என்றும் கணக்கிட்டார்கள். இருக்காதா? சுற்று வட்டாரத்துக் கழுகெல்லாம் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் இனமல்லவா!

பந்தி கலைந்தது. பிணம் கிடந்தது. நாய்கள் வந்தன, பெருகின. வெறிநாய்க்கடியும் பெருகிற்று, அழுகல் ஆற்றிலும் குளத்திலும் கலந்தது. கழுகு மிகுந்திருந்த மாவட்டங்களையும் அது முன்பே அரிதாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலார் இருவர் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கூடுதலாக மாண்டனர் என்பது அவர்கள் மதிப்பீடு. 5 இலட்சம்! காரில் போகிறவனையா நாய் கடிக்கிறது?

மருந்தை விற்குமுன், மாட்டுக்குக் குணமாகிறதா என்று பார்த்தார்கள். குணமாயிற்று. அந்த மாட்டை நாளை யார் தின்பார் என்று பார்த்தார்களா? இல்லை. உயிர்களைத் தலை எண்ணுவது ஒரு வேலை. எது எதைத் தின்கிறது, எது எதை அடக்கி வைக்கிறது, எது போனால் எது பெருகும் என்று உறவைக் கணக்கெடுப்பது வேறு வேலை. ஆலையில் எத்தனை பேர் என்பதை மஸ்டர் சொல்லும். பாய்லர்காரர் ஒருநாள் வராவிட்டால் எங்கெங்கே வேலை நிற்கும் என்பதை மஸ்டர் சொல்லாது, தொழிலாளி சொல்வான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், 1963-இல், இராபர்ட் பெயின் என்ற அறிஞர் இதைச் செய்தே பார்த்தார். பாறையிலிருந்த நட்சத்திர மீனை மட்டும் விடாமல் அகற்றி வந்தார். அதற்கு இரையாகி அடங்கிக் கிடந்த சிப்பி பாறையை வளைத்துக்கொண்டது. 15 வகை உயிர்கள் வாழ்ந்த இடத்தில் 8 வகையே மிஞ்சின. அவர் ஒரு பாறையில், தெரிந்து செய்தார். இங்கே நாடு முழுவதையும் பாறையாக்கி, செய்கிறோம் என்றே தெரியாமல் செய்தார்கள்!

கழுகின் வேலையை நாய் ஏற்றுக்கொண்டதே, பிறகென்ன என்பார்கள். கழுகின் வயிற்று அமிலத்தில் கொடிய கிருமியும் மாளும். மலையிலும் மர உச்சியிலும் போய் அது உறங்கும். நாயோ வெறிநோயைச் சுமந்து நம் தெருவில் படுக்கிறது. மாற்றாள் வந்தான் என்பதற்காக வேலை ஒன்றாகிவிடுமா?

மாட்டின் வலி தீர வேண்டாமா? தீரட்டும், ஏழையின் மாடு துடிக்க வேண்டுமென்று எவன் சொல்வான்? கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. 2006-இல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்றார்கள். மனிதனுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போயிற்று. அதை 3 மில்லிக்குக் குறைக்க 2015 ஆயிற்று. அதன் தம்பிகளான கீட்டோபுரொஃபெனையும் அசெக்ளோஃபினாக்கையும் மாட்டு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்க 2023 ஆயிற்று. கழுகு செத்த பிறகு ஒவ்வொன்றாகத் தடுப்பதா முறை? மாட்டுக்கு எந்த மருந்து வந்தாலும், பிணம் தின்னும் பறவைக்கு அது நஞ்சா என்பதை விற்பனைக்கு முன்பே, கம்பெனி செலவில், சோதித்துக் காட்டச் சட்டம் வேண்டும். எந்த உயிர் எதை நம்பி வாழ்கிறது என்று கணக்கெடுக்க அரசு ஆள் போட வேண்டும். மேய்ப்பவரையும் தோலுரிப்பவரையும் எலும்பு பொறுக்குபவரையும் கேட்டு எழுத வேண்டும். கழுகு குறைந்ததை முதலில் கண்டவர்கள் அவர்களாகத்தான் இருக்க முடியும்.

நீலகிரியின் அடியில், மோயாற்றுப் பள்ளத்தாக்கில், வெண்முதுகுக் கழுகு இன்னும் கூடு கட்டுகிறது. ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. சுற்று வட்டாரத்து மருந்துக் கடைகளில் மாட்டுக்கென்று எதை விற்கிறார்கள் என்பதை அப்பகுதித் தோழர்கள் நேரில் பார்த்து நமக்கு எழுதட்டும். வெளியிடுவோம்.