அறிவுப் பலகணி: அச்சம் பிறக்குமிடம்

இரவில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை, திடீரென அலறுவதைக் கேட்ட பெற்றோர் நம்மிடையே பலர் உளர். திரையில் தோன்றிய கோர உருவமே காரணம் என்று அவர்கள் எண்ணுவர். கோர உருவம் இருமுறை அச்சுறுத்தும். மூன்றாம் முறை பழகிவிடும். இத்தகைய விளையாட்டுகளை ஆக்குவோர் பெரிதும் நம்பியிருப்பது மறைத்தல் என்னும் உத்தியையே ஆகும்.

1999ஆம் ஆண்டில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'சைலண்ட் ஹில்' இதற்குத் தக்க சான்று. காணாமற்போன ஏழு வயது மகளைத் தேடி, தந்தை ஒருவன் ஆளரவமற்ற ஊரில் அலைகிறான். எங்கும் மூடுபனி. தொலைவிலுள்ள தெருக்களையெல்லாம் வரைந்து காட்டும் ஆற்றல் அக்காலப் பிளேஸ்டேஷன் கருவிக்கு இல்லை. அக்குறையை மறைக்கவே பனி பரப்பப்பட்டது. குறையே அணியாயிற்று! அவனிடமுள்ள சிறு வானொலியோ, பகை அணுகுங்கால் கரகரக்கும். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத வேளையில் காது 'வருகிறது' என்கிறது. வருவது யாதென உருக்கொடுப்பது ஆடுவோனின் சொந்தக் கற்பனையே.

அடுத்த உத்தி பற்றாக்குறை. 1996இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடெண்ட் ஈவில்' துப்பாக்கியைத் தந்து குண்டுகளைச் சுருக்கியது. ஆட்டம் நின்ற இடத்தைப் பதிந்து வைக்கத் தட்டச்சுப் பொறியின் மைநாடா வேண்டும். அதுவும் எண்ணியே கிடைக்கும். எனவே, எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் இழப்பின் கணக்கு உண்டு. 2010இல் ஸ்வீடன் நாட்டவர் ஆக்கிய 'அம்னீஷியா' ஆயுதத்தையே நீக்கிவிட்டது. இருளில் நின்றால் கதைத்தலைவனின் சித்தம் கலங்கும். விளக்கேற்றினாலோ பகையின் கண்ணில் படுவான். ஒளிவதும் ஓடுவதுமே வழி.

ஓயாத அச்சம் மரத்துப்போகும் என்பதையும் இவர்கள் அறிவர். ஆதலின் 'ரெசிடெண்ட் ஈவில்' ஆட்டத்தில் மெல்லிசை ஒலிக்கும் பாதுகாப்பான அறைகள் இடையிடையே உண்டு. இளைப்பாறியவனுக்கு வெளிக்கதவு முன்னிலும் கொடிதாகத் தோன்றும்.

பெற்றோர் கருத வேண்டுவது இதுவே: திரை அணைந்தாலும் பிள்ளையின் கற்பனை அணைவதில்லை. இவை வளர்ந்தோர்க்கென ஆக்கப்பட்டவை. வயது வரம்பை நோக்கியே வாங்குக. முன்னரே ஆடி அஞ்சிய பிள்ளையிடம், "வெறும் படந்தானே!" என்று நகையாடற்க. அருகமர்ந்து, பனி ஏன் படர்ந்தது, குண்டு ஏன் குறைந்தது என எடுத்துரைப்பீராக. சூட்சுமம் தெரிந்த செப்பிடு வித்தை முன்போல் மயக்குவதில்லை அன்றோ?