தற்செயலுக்கு மூன்று நாள் அவகாசம்

நம்மில் பெரும்பாலோர் எழுதிய முதல் புனைவு விடுப்பு விண்ணப்பமாகத்தான் இருக்கும். 'அனுப்புநர், பெறுநர்' என்று வகுப்பில் கற்றுக்கொண்ட மறுவாரமே, வராத காய்ச்சலை வந்ததாக எழுதி அப்பாவின் கையொப்பத்துக்காகக் காத்து நின்றவர்கள் நாம். அந்த வகைமைக்கென்று ஓர் இலக்கணமும் உண்டு. பணிவோடு தொடங்கவேண்டும், துயரம் ஒன்றைச் சொல்லவேண்டும், கனிவை வேண்டி முடிக்கவேண்டும். கேட்பது உரிமை என்றாலும் தொனி இரத்தலின் தொனி. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நானும் எனக்குரிய விடுப்பை அந்தத் தொனியில்தான் கேட்டு வந்திருக்கிறேன்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியில் அந்தத் தாளுக்கு விடைகொடுக்க முடிவாயிற்று. விடுப்புப் படிவத்தைக் கல்லூரி மின்னஞ்சலிலேயே அமைப்பதற்கு மூவர் குழு ஒன்று போட்டார்கள். கணினித்துறையிலிருந்து ஒருவர், அலுவலகக் கண்காணிப்பாளர், மூன்றாவதாக நான். சொற்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு என்றார்கள்.

வேலை எளிதானது. விடுப்பின் வகை, தொடங்கும் நாள், முடியும் நாள், முற்பகலா பிற்பகலா, நம் வகுப்பை ஏற்கும் ஆசிரியர் யார், காரணம் என்ன. இவற்றை நிரப்பி அனுப்பினால் துறைத்தலைவருக்குக் கடிதமாகப் போய்ச்சேரும். அதில் ஏற்பு, மறுப்பு என்று இரண்டு பொத்தான்கள். அவர் ஏற்றால் முதல்வருக்கு. அவரும் ஏற்றால் அலுவலகத்துக்கு. அவுட்லுக் போன்ற மென்பொருள்களில் இத்தகைய ஒப்புதல் பொத்தான்கள் நெடுங்காலமாகவே உள்ளன. புதிதாகக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இதை நான் மனமார வரவேற்றேன். இன்றும் வரவேற்கிறேன். முதல்வர் அறை வாசலில் தாளோடு நிற்கவேண்டியதில்லை. 'உங்கள் கடிதம் எங்களுக்கு வரவேயில்லை' என்று அலுவலகத்தில் யாரும் சொல்லமுடியாது. அனுப்பிய நாளும் மணித்துளியும் பதிவாகியிருக்கும். காகிதம் தொலைவதால் எப்போதும் இழப்புக்கு ஆளாகிறவர்கள் எளியவர்களே. ஆகவே இப்படிவம் முதலில் அவர்களுக்குத்தான் பயன்படும் என்று நம்பினேன்.

நடந்தது வேறு. எங்கள் ஆய்வக உதவியாளர் என்னைவிட வயதில் மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். கடைநிலைப் பணியாளர்களுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி வழங்கப்படாததால் துறையின் பொது முகவரியைத்தான் அவர் பயன்படுத்தவேண்டும். ஒரு திங்கட்கிழமை விடியலில் அவர் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகனின் கைப்பேசியில் படிவத்தைத் திறந்தவர் எனக்கு அழைத்தார்.

"சார், இன்னைக்குத் தேதிய எடுக்கமாட்டேங்குது."

எடுக்காது. வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும் என்பதற்காக, மூன்று நாட்களுக்கு முன்னதாக விண்ணப்பித்தால் மட்டுமே தேதியை ஏற்கும்படி படிவத்தை அமைத்திருந்தோம். வகுப்பே எடுக்காத ஒருவரை அந்த விதி ஏன் தடுக்கவேண்டும் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று அவர் இசைவின்றி வராதவராகக் குறிக்கப்பட்டு, ஒருநாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. கேட்டபோது வந்த பதில்: "படிவம் வரலையே சார்." பழைய நாட்களில் பக்கத்து வீட்டுப் பையனிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தனுப்பியிருப்பார், அது போதுமானதாக இருந்திருக்கும்.

சொற்களைச் சரிபார்க்க வந்தவன், ஒரு சொல்லின் பொருளையே பார்க்கத் தவறினேன். தற்செயல் விடுப்பு. ஆட்சித்தமிழ் நமக்குத் தந்த அழகிய சொற்களில் ஒன்று இது. ஈட்டிய விடுப்பு என்றால் உழைத்துச் சேர்த்தது. தற்செயல் விடுப்பு என்றால் எதிர்பாராமல் நேர்வதற்கானது. மூன்று நாள் முன்னறிவிப்போடு வருவது எப்படித் தற்செயலாகும்? எங்கள் படிவத்தில் இச்சொற்கள் 'சி.எல்.', 'ஈ.எல்.' என்று சுருங்கியபோதே பொருளும் உதிர்ந்துவிட்டது. தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. ஒரு கல்லூரியின் விடுப்புப் படிவத்தில் தமிழ் இடம்பெற இன்னும் ஒரு தமிழாசிரியர் வாதாடவேண்டியிருக்கிறது. அந்த வாதத்தையும் நான் உரிய நேரத்தில் செய்யவில்லை.

அரசு விதிகள் இதில் நம்மைவிடப் பெருந்தன்மையானவை. தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாட்களும் மத்திய அரசு ஊழியருக்கு 8 நாட்களும் தற்செயல் விடுப்பு உண்டு. மத்திய அரசு விதிகளின்படி தற்செயல் விடுப்பில் இருப்பவர் பணிக்கு வராதவராகவே கருதப்படுவதில்லை.

அடுத்தது, காரணம் கேட்கும் கட்டம். அதை நிரப்பாமல் படிவம் நகராது. பட்டியலில் ஐந்தாறு காரணங்கள் உள்ளன. மருத்துவ விடுப்புக்கும் மகப்பேறு விடுப்புக்கும் காரணமும் சான்றும் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த விடுப்புகளே அந்தக் காரணத்தால் பிறந்தவை. தற்செயல் விடுப்புக்கு எதற்கு? பீகார் அரசு 1992-ஆம் ஆண்டிலேயே பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு வழங்கியது. எங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்நாட்களில் 'காய்ச்சல்' என்பதைத் தேர்ந்தெடுப்பதாக உடன்பணியாற்றும் பேராசிரியை ஒருவர் சொன்னார். மன நிம்மதிக்காக ஒருநாள் வீட்டில் இருக்க விரும்புகிறவரும் காய்ச்சலைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஐந்தாம் வகுப்பில் பழகிய பொய்யைக் கணினி இப்போது பட்டியலிட்டே தருகிறது. எழுதும் சிரமம்கூட இல்லை.

காகிதத்தின் பொற்காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று நண்பர்கள் கருதவேண்டாம். அந்தக் காலத்தில் கனிவும் இருந்தது, அந்தக் கனிவுக்காகக் கைகட்டி நிற்பதும் இருந்தது. படிவம் இரண்டையும் சேர்த்தே அகற்றிவிட்டது. கைகட்டி நிற்பது போனதில் மகிழ்ச்சி. ஆனால் கனிவு முன்பு செய்துவந்த வேலையை இனி விதிதான் செய்யவேண்டும். படிவத்தை அமைப்பது கணினி வேலை மட்டுமன்று. எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம் என்று முடிவு செய்யும்போதே யாரை நம்புகிறோம், யாரை ஐயுறுகிறோம் என்பதையும் நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

அடுத்த மாதம் குழு மீண்டும் கூடுகிறது. இன்றைய தேதியையும் நேற்றைய தேதியையும் படிவம் ஏற்கவேண்டும். துப்புரவுப் பணியாளர் வரை ஒவ்வொருவருக்கும் தனி முகவரி வேண்டும். விடுப்பின் பெயர்கள் தமிழில் இருக்கவேண்டும் என்று கேட்கப்போகிறேன். பிடித்த ஒருநாள் ஊதியத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதை இவற்றுக்கெல்லாம் முன்னால் வைப்பேன்.

காரணக் கட்டத்தை நீக்கச் சொல்லமாட்டேன். இடம் மாற்றச் சொல்வேன். தற்செயல் விடுப்புக் கேட்பவரிடமிருந்து அதை எடுத்து, மறுப்புப் பொத்தானுக்குக் கீழே வைக்கட்டும். காரணம் எழுதாமல் அந்தப் பொத்தான் நகரக்கூடாது.